ஒரு ரப்பர் வளையம், 23 நாள்

டிராக்டர் வாங்கப்போகிறேன், எந்தக் கம்பெனி நல்லது என்று யாராவது வாய்விட்டுக் கேட்டால் போதும், கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர் இழுவை என்கிறார், இன்னொருவர் டீசல் மிச்சம் என்கிறார், மற்றொருவர் திருப்பி விற்றால் நல்ல விலை போகும் என்கிறார். கிளட்ச் தட்டு போனால் எத்தனை நாளில் கிடைக்கும் என்று மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. மாடு வாங்கப்போகிறவன்கூட வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். நாமோ பானட்டின் பளபளப்பில் முகம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நானும் அப்படிப் போட்டவன்தான்.

என் வண்டிக்கு வந்த வியாதி பெரிதொன்றும் இல்லை. தூக்கிய கலப்பை தூக்கிய இடத்தில் நிற்க மறுத்தது. எஞ்சின் ஓடும்போது விக்கல் எடுத்ததுபோல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அணைத்தால் மெல்ல மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது.

கையேட்டைத் திறந்தேன். ஓடும் விசிறியில் கையை விடாதே, ஓட்டுநரைத் தவிர யாரையும் ஏற்றாதே என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. கடைசியில் ஒரு அட்டவணை: குறை, காரணம், தீர்வு. என் குறையும் அதில் இருந்தது. 'கருவி உயர்த்திய நிலையில் நிற்கவில்லை. காரணம்: உட்கசிவு. தீர்வு: அங்கீகரிக்கப்பட்ட முகவரை அணுகவும்.' மேல் வரியைப் பார்த்தேன், முகவரை அணுகவும். கீழ் வரி, முகவரை அணுகவும். இதை அச்சடிக்க அவ்வளவு காகிதம் எதற்கு? வண்டியின் மேல் ஒரு தொலைபேசி எண்ணை ஒட்டிவிட்டால் போதாதா?

ஓட்டுகிறவனுக்கான கையேடு வேறு, பிரித்து மாட்டுகிறவனுக்கான பணிமனைக் கையேடு வேறு, உதிரிபாகங்களின் படமும் எண்ணும் உள்ள புத்தகம் வேறு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பின் இரண்டையும் கேட்டேன். "அதெல்லாம் வெளியே கொடுப்பதில்லை ஐயா" என்றார்கள். எது வெளி? முழுப் பணத்தையும் கட்டி வாங்கிய நான் வெளியா?

மெக்கானிக், எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் பகுதியின் மூடியைக் கழற்றி, சிலிண்டருக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வளையல் அளவு. ஓரத்தில் நகம் பட்டதுபோல ஒரு சின்னப் பிளவு. இதற்கா இத்தனை ஆட்டம் என்று சிரித்தேன். சிரிப்பு அன்றோடு சரி.

உதிரிபாகக் கவுண்டரில் மாடலைக் கேட்டார்கள், சொன்னேன். வாங்கிய ஆண்டைக் கேட்டார்கள், சொன்னேன். ஐந்தாம் நாள் வந்த வளையம் பள்ளத்தில் உட்காரவில்லை. "அந்த ஆண்டு நடுவில் சிலிண்டரை மாற்றிவிட்டார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தியதா பிந்தியதா?" என்று என்னிடமே கேட்டார்கள். திரும்பி வந்து, மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸையும் சேற்றையும் தேய்த்துத் தேய்த்து, தகட்டில் இருந்த வரிசை எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எட்டா மூன்றா என்று தெரியாத ஓர் இலக்கம். அதையும் கைப்பேசி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அடுத்து வந்த வளையமும் பழைய எண்ணுக்கு உரியதே. மூன்றாவதுதான் பொருந்தியது. ஆக மொத்தம் 23 நாள்.

மண்ணின் ஈரம் 23 நாள் காத்திருக்குமா? பக்கத்து வயல்காரர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்து உழுது கொடுத்தார். சாயம் போய், சைலன்சர் துருப்பிடித்து, இருக்கையில் சாக்கு மடித்துப் போட்ட வண்டி. வாங்கும் முன் அதைப் பார்த்து ஏளனம் செய்தவன் நான். அதற்கு எந்தச் சாமான் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முடியாத காரியம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 6205 என்று எண் போட்ட பேரிங்கை யார் செய்தாலும் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கிற பி.டி.ஓ. தண்டில், நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஆறு பற்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் எவர் செய்ததானாலும் எவர் செய்த வண்டியிலும் மாட்டும். வெளியே கருவி மாட்டுகிற இடத்தில் இவ்வளவு ஒற்றுமை. மூடிக்கு உள்ளே போனால் ஆளுக்கொரு அளவு, ஆண்டுக்கொரு மாற்றம். சரி, மாற்றுங்கள். எந்த எண்ணிலிருந்து மாற்றினோம் என்பதை வண்டிக்குச் சொந்தக்காரனுக்குச் சொல்லித் தொலைப்பதில் என்ன கஷ்டம்?

இந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததும் அல்ல. நூறு ஆண்டுக்கு முன் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி 'ஃபோர்டு' என்ற பெயரை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியும் உருப்படவில்லை. ஆனால் அந்த ஆள் சட்டமன்ற உறுப்பினரும்கூட. 1919-ல் அந்த மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. டிராக்டரைச் சோதித்துக் காட்டிய பிறகுதான் விற்கலாம். இன்னொரு விதியும் அதில் இருந்தது: உதிரிபாகங்களோடு ஒரு சர்வீஸ் நிலையம் மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எத்தனை குதிரைத்திறன் என்பதற்கு இணையாக, சாமான் எங்கே கிடைக்கும் என்பதையும் அன்றைக்கே சட்டத்தில் எழுதினார்கள். அமெரிக்காவிலேயே கொலராடோவில், விவசாய இயந்திரங்களின் கையேடு, சாமான், மென்பொருள் எல்லாவற்றையும் சொந்தக்காரனுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இடையில் ஒரு நூற்றாண்டு! இப்போது வண்டிக்குள் கணினி வேறு. சென்சார் ஒன்று முறைத்துக்கொண்டால் ஸ்பானர் எடுத்துப் பயனில்லை, முகவரின் மடிக்கணினி வந்து மனது வைக்க வேண்டும்.

விற்பனையாளரைச் சொல்லாமல் விட முடியாது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி. வாங்கும் வரை ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு. வளையம் கேட்டபோது, "நான் விற்பனைப் பிரிவு ஐயா, சாமான் பிரிவு வேறு." ஒரே கூரை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான் வேறு.

இப்போது என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் ஷோரூமின் முன்வாசலில் நுழையாதே என்கிறேன். பின்னால் போ. சாமான் கவுண்டரில் நின்று கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பம்ப், லிஃப்ட் வளையம் மூன்றையும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல். பணிமனைக் கையேட்டை விலைக்குக் கேள். அலமாரி காலியாக இருந்தாலோ, ஆள் மழுப்பினாலோ, வந்த வழியே திரும்பு. ஐந்து குதிரைத்திறன் குறைந்தாலும் நடந்து போகிற தூரத்தில் சாமான் கிடைக்கிற வண்டியை வாங்கு. கேட்டுத் தலையாட்டிவிட்டு, இரண்டு பேர் போய்ப் பளபளப்பானதையே வாங்கினார்கள்.

நேற்றுக் காலை வண்டியை எடுத்தபோது, நின்ற இடத்தில் காசளவுக்கு ஓர் எண்ணெய்ச் சொட்டு. புதியது. எங்கிருந்து என்று நான் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.