குட்டி எங்கள் பிள்ளை இல்லை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர், பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் ஒரு நாய். இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் போதும், வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வசனம்தான் வரும்: "இப்ப இதுதான் உங்க பிள்ளை." அன்பாகத்தான் சொல்கிறார்கள். நானும் பல வருடம் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில்தான் அதை நிறுத்தினேன்.

குட்டி என்பது எங்கள் லாப்ரடாரின் பெயர். வந்த புதிதில் மடியில் சுருண்டு தூங்கும். வேறு பெயர் யோசிப்பதற்குள் இதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவனுக்கு 12 வயது, 34 கிலோ, வாயைச் சுற்றி முழுக்க நரை. நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது என்று ஒரு கணக்கு ரொம்ப நாளாக ஓடுகிறது. அது சரியில்லை. 2020-இல் சான் டியகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார்களின் டிஎன்ஏவை எடுத்து, வயது ஏற ஏற அதில் மாறும் வேதிக் குறிகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு வேறொரு கணக்கைக் கொடுத்தார்கள். அதன்படி ஒரு வயது லாப்ரடார் நம் கணக்கில் 31 வயது ஆள். அப்புறம் வேகம் குறைகிறது. 12 வயதுக்குப் போட்டுப் பார்த்தேன், 71-க்கு ஒரு நூல் குறைவாக வந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன மாதம்தான் 71 முடிந்தது. எனக்கு 67.

ஆக, எங்கள் வீட்டில் பிள்ளை என்று யாரும் இல்லை. கிழடுகள் மூன்று இருக்கிறோம், அதில் நான்தான் இளையவள்.

குளிர் வந்தால் காலையில் இவர்கள் இருவரும் எழுந்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டும். குட்டி முதலில் முன்னங்காலை ஊன்றுவான். பாதி உடம்பு மேலே வந்ததும் அப்படியே நின்றுவிடுவான், எதையோ யோசிப்பதுபோல. பிறகு ஒரு உந்து உந்திப் பின்பக்கத்தைத் தூக்குவான். அதே நேரத்தில் கட்டில் விளிம்பில் இவர், இரண்டு கையும் முட்டியில், அதே யோசனை.

"என்னங்க, வலிக்குதா?"

"யாருக்கு? சும்மா உக்காந்திருக்கேன்."

குட்டியைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். வயதான நாய் மூட்டு வலிக்குக் கத்தாது, சத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். படி இறங்கத் தயங்குகிறதா, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, திரும்பும்போது வட்டம் பெரிதாகிறதா, அதைப் பாருங்கள் என்றார். பார்க்கப் பழகியபின் அந்தக் கண்ணை மூட முடியவில்லை. இவரும் மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிறார், செருப்பைக் காலாலேயே தேடி மாட்டுகிறார், கீழே விழுந்த பேனாவைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறார். கேட்டால் ஒன்றுமில்லை. இரண்டு மாதமாகவே வலியாம். குட்டியாவது வாயில்லா ஜீவன், இவருக்கு என்ன வந்தது?

இவருடைய காலை நடை ஐந்தரை மணிக்கு. முப்பது வருட வழக்கம். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், மாத்திரை சாப்பிடுகிறவர் வெயில் வந்தபின் நடங்கள் என்று இவருடைய டாக்டர் மூன்று வருடமாகச் சொல்கிறார். நானும் சொல்கிறேன், மகள் போனில் சொல்கிறாள். காதில் விழவே இல்லை. இந்த வருடம் கால்நடை மருத்துவர் ஒரே ஒரு தடவை, "விடியற்காலைக் குளிர்ல வேணாம் சார், மூட்டு இறுகியிருக்கும், எட்டு மணிக்கு மேல கூட்டிட்டுப் போங்க, தூரத்தைக் குறைச்சு ரெண்டு தடவையா நடக்க விடுங்க" என்றார். மறுநாளே நேரம் மாறிவிட்டது. நடைக் கூட்டாளிகளிடம் இவர் சொன்ன காரணத்தை நானே கேட்டேன்: "குட்டிக்குக் குளிருதுப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்த இதயத்துக்காகக் கேட்காத மனிதர் நாயின் இடுப்புக்காகக் கேட்கிறார். யோசித்துப் பார்த்தால் காரணம் அந்தப் 'பிள்ளை'யில்தான் இருக்கிறது. அவன் பிள்ளை என்றால் நாம் பெற்றவர்கள். குளிருவது அவனுக்கு, போர்த்திவிடுவது நாம். தள்ளாமை எல்லாம் அவன் பக்கம், தெம்பெல்லாம் நம் பக்கம். எவ்வளவு வசதியான சொல்! என் எதிர்ப்பு இதற்குத்தான். பாசத்துக்கு இல்லை. பாசம் எங்களிடம் கொட்டிக் கிடக்கிறது.

ஆனால் சமவயது என்ற என் வாதத்தை ஒருநாள் எனக்கே திருப்பினார். தன் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அவனுக்கும் இதே முட்டிதானே" என்று குட்டியைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இபுப்ரோஃபென் மாத்திரை அது. நாய்க்கு வயிற்றில் புண் வரவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் நாமாகக் கொடுக்கக் கூடாது, கல்லீரலைத் தாக்கும். வியாதி ஒன்றாக இருக்கலாம், மருந்துச் சீட்டு வேறு. வயதான நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஏற்பாடுகளில் மூவருக்கும் பெரிய வித்தியாசம் வைப்பதில்லை. வழுக்கும் தரையில் குட்டியின் பின்னங்கால் அகன்று போகிறது என்று படுக்கையிலிருந்து வாசல்வரை ரப்பர் விரிப்பு போட்டேன். இப்போது அதில் அதிகம் நடப்பது இவர். நடை குறைந்ததால் குட்டிக்கு நகம் தேயாமல் வளர்கிறது, ஞாயிறன்று இருவருக்கும் நகம் வெட்டுவது என் வேலை. குளிரில் தாகம் தெரியாது, வயதானால் இன்னும் தெரியாது. அதனால் குட்டியின் கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நாங்களும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கிறோம். மகள் நாய்க்குச் சப்பாத்து வாங்கி அனுப்பினாள். போட்டுவிட்டதும் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி, தரையில் பசை கொட்டிக் கிடப்பதுபோல நடந்தான். அலமாரிக்குப் போய்விட்டது.

பத்து மணிக்கு ஜன்னல் வழியாகத் தரையில் ஒரு துண்டு வெயில் விழும். அதற்குத்தான் சண்டையே. வைட்டமின் டி வேண்டும் என்று நாங்கள் நாற்காலியைப் போடுவதற்குள் குட்டி போய்ப் படுத்துவிடுவான். வேடிக்கை என்னவென்றால், நாயின் தோலால் வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். கண்ணாடி மூடியிருந்தால் எங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது, அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்தால் குளிர்கிறது. கடைசியில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் எந்தப் பயனும் இல்லாமல் மூன்று பேரும் காய்கிறோம். வெயில் நகர நகர அவன் நகர்வான், அவன் பின்னால் எங்கள் நாற்காலியும்.

"இவனுக்கு அப்புறம் இன்னொரு குட்டி வாங்குவீங்களா?" என்று கேட்கிறார்கள். மாட்டேன். எழுபதை நெருங்கும்போது, இன்னும் பன்னிரண்டு பதிமூன்று வருடம் வாழப்போகிற உயிரைக் கொண்டுவந்து, பிறகு யார் கையிலோ திணிப்பது நியாயம் இல்லை. யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு கிழட்டு நாயென்றால் யோசிப்பேன். இவருக்கு இதில் சம்மதமில்லை. பேச்செடுத்தாலே பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டாயம் இருவருக்கும் எழுந்தாக வேண்டும். முதலில் ரப்பர் விரிப்பு முடியும் இடத்திலிருந்து குட்டியின் நகச் சத்தம், டக் டக். பின்னாலேயே இவருடைய செருப்பு, சரக் சரக். தோட்டத்துக் கதவு திறக்கும், குளிர் உள்ளே வரும். "சீக்கிரம் வாடா" என்பார். யாருக்காக யார் எழுந்தது என்று நான் கேட்பதில்லை. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் இரண்டும் திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.