டை லொட் நம்பரை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள்?

கொழும்பு புறக்கோட்டையில் சில கடைகள் பின்னும் நூல் உருண்டைகளின் லேபலை உருவிவிட்டு, பொலித்தீன் பையில் அள்ளிப்போட்டு விற்கின்றன. நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அந்தக் காகிதத்தில்தான் டை லொட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் போட்ட நூல் என்று காட்டும் எண், இருக்கிறது. ஒரே கம்பனி, ஒரே நிறம் என்றாலும் வேறு தடவை சாயம் போட்ட நூல் ஒரு சாயல் மாறும். கடை டியூப்லைட்டில் உருண்டையாகப் பார்த்தால் தெரியாது. பின்னி முடித்து வெளிச்சத்தில் விரித்தால் முதுகின் குறுக்கே கோடு பளிச்சென்று நிற்கும்.

பெரியவருக்கு ஸ்வெட்டர் என்றால் 50 கிராம் உருண்டை 10 வரை வேண்டும். "இப்ப ஆறு எடுங்கோ, மிச்சத்தைப் பிறகு எடுக்கலாம்" என்பது என்ன நியாயம்? பிறகு போனால் அந்த லொட் முடிந்திருக்கும்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: பழைய நூல் தீருமுன்பே புதியதைச் சேர்த்து, இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று 10 சென்ரிமீற்றர் அளவுக்கு மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டிரண்டாகப் பின்னினால் இரு நூலும் ஒரே ஓரத்தில் நிற்கும், வெட்டத் தேவையில்லை. ஓரத்தில் இறுக்கி இழுத்தால் மட்டும் சுருங்கும், கவனம்.

லேபல் போனால் நூலின் சாதியும் போச்சு: கம்பளியா, அக்ரிலிக் என்ற செயற்கை நூலா என்று தெரியாது. கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கி இறுகும். அக்ரிலிக்கில் சூடான அயன் பட்டால் தொய்ந்துவிடும். நுனியைக் கொளுத்தினால் கம்பளி மயிர் கருகிய மணம் தரும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். காசு கொடுத்த நூலை நெருப்பில் பிடித்தா அறிய வேண்டும்?