காட்பாடி மேம்பாலமும் 120 குதிரைத்திறனும்

இராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் முதல் கார் வாங்கப்போகிறான். ஒரு பக்கம் டர்போ இன்ஜினோடு வரும் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), மறுபக்கம் டர்போ இல்லாத மாருதி ஸ்விஃப்ட். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். சத்துவாச்சாரியிலும் காந்தி நகரிலும் இதே குழப்பத்தில் இருக்கும் பல இளைஞர்களை எனக்குத் தெரியும் என்பதால், அவனிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை என்ற வட்டத்துக்குள் தினமும் ஓட்டப்போகிறவர்கள், எடை குறைந்த, மைலேஜ் தரும், மேனுவல் கியர் உள்ள காரை வாங்குவதே சரி. விதிவிலக்கானவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டர்போ காரின் மீது வரும் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதில் உண்மையான பொறியியல் இருக்கிறது. ஐ20 என் லைனில் இருப்பது ஒரு லிட்டர் டர்போ இன்ஜின், அதாவது வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை அழுத்தி உள்ளே தள்ளி, சிறிய இன்ஜினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்கும் ஏற்பாடு. 120 குதிரைத்திறனும் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (டார்க்) தருகிறது. அந்த முழு முறுக்குவிசையும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே கிடைத்து 4,000 சுற்று வரை குறையாமல் நிற்கிறது. 2024இல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேஸரும் ஏறத்தாழ இதே தரம்தான். அதே 2024இல் வந்த புதிய ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோ 82 குதிரைத்திறனும் 112 நியூட்டன் மீட்டரும்தான் தரும். அந்த 112ஐத் தொட 4,300 சுற்றுவரை ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், பிக்கப்பில் உள்ள வித்தியாசம் முதல் சந்திப்பைக் கடப்பதற்குள் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பிக்கப்பை நம் ஊரில் எங்கே பயன்படுத்தப் போகிறோம்? மாலை ஆறு மணிக்குக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். முன்னால் ஒரு டவுன் பஸ், இடப்பக்கம் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டுக்கும் நடுவே நுழையப் பார்க்கும் பைக்குகள். முதல் கியர், அரை கிளட்ச், ஐந்து அடி நகர்வு, பிரேக். மறுபடியும் முதல் கியர். 120 குதிரைகளும் அங்கே கட்டிப்போட்டுத்தான் கிடக்கும். கிரீன் சர்க்கிளிலும், சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் நோயாளிகளும் உறவினர்களும் சாலையைக் கடக்கும் ஆற்காடு சாலையிலும் இதே நிலைதான். டிசிடி ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் வகை) எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். இந்தச் சிறிய கார்களில் வரும் டிசிடியில் பொதுவாக இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அது உரசி உரசிச் சூடாகும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கத்திரி வெயிலில் அதற்கு ஓய்வு ஏது?

நெடுஞ்சாலைக்கு என்று வாங்குகிறேன் என்பது அடுத்த வாதம். சென்னை – பெங்களூரு சாலை நம் வாசலிலேயே போகிறது, உண்மைதான். ஆனால் 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, நடுவே தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஒரு சிறிய காரைச் சமதளத்தில் அந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்க இருபது குதிரைத்திறன் அளவுக்கு இருந்தாலே போதும். ஸ்விஃப்டில் அதைப் போல நான்கு மடங்கு இருக்கிறது. வேகம் 80இலிருந்து 100க்கு ஏறும்போது வண்டியின் இயக்க ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது என்பதையும், அத்தனையையும் நான்கு பிரேக்குகளும் உள்ளங்கை அகலமே தரையைத் தொடும் நான்கு டயர்களும்தான் அடக்க வேண்டும் என்பதையும், பள்ளிகொண்டா பக்கம் எதிர்த்திசையில் டிராக்டர் வரும் அதே சாலையில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பணக்கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம், ஏனெனில் ஷோரூமில் அதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம் என்றும் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டி 75 லிட்டர் குடிக்கும். 13 கொடுக்கும் வண்டி 115 லிட்டர் குடிக்கும். மாதம் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். ஐந்து ஆண்டில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். டர்போ காரை மெதுவாக ஓட்டினால் நல்ல மைலேஜ் கிடைக்கும் என்பது மெய்தான், ஆனால் மெதுவாக ஓட்டுவதற்காக யாரும் டர்போ வாங்குவதில்லை. அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அந்த அளவைத் தாண்டினால் 40. ஐ20 என் லைனும் ஸ்விஃப்டும் முதல் வகையிலேயே அடங்கிவிடுகின்றன. 1.5 லிட்டர் இன்ஜினுள்ள ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் மீது கண் வைப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டு ஆயுட்கால சாலை வரி இன்னும் கவனிக்க வேண்டியது. 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18. ஒன்பதரை லட்சம் வண்டிக்கு 1,23,500 ரூபாய் வரி என்றால், பத்தரை லட்சம் வண்டிக்கு 1,89,000. விலையில் ஒரு லட்சம்தானே கூடுகிறது என்று மேல்வகைக்குத் தாவுகிறவர், வரியில் மட்டும் அறுபத்தையாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். இது ஆன்-ரோடு விலைக்குள் கரைந்து, இ.எம்.ஐ.க்குள் ஒளிந்து, ஏழு ஆண்டு வட்டியோடு வீட்டுக்கு வரும்.

"மாமா, ஒரு தடவைதானே வாங்கப்போகிறேன், மனசுக்குப் பிடித்ததை வாங்கக்கூடாதா?" என்று அவன் கேட்டான். வாங்கலாம். ஆனால் ஓட்டும் இன்பம் 120 குதிரைத்திறனில்தான் இருக்கிறது என்று அவன் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள காரை ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பினால் வண்டியின் மூக்கு நாம் நினைத்த இடத்தில் போய் நிற்கும். இன்ஜினை நாலாயிரம் சுற்றுவரை முழுதாகப் பயன்படுத்தி ஏறலாம். அப்போதும் வேகமானி முள் அறுபதைப் பெரிதாகத் தாண்டியிருக்காது. சக்தி குறைந்த காரை அதன் எல்லைவரை ஓட்டுவதில் கைக்கும் காலுக்கும் காதுக்கும் இருக்கும் வேலை, சக்தி மிகுந்த காரைக் கால்வாசியில் ஓட்டும்போது கிடைப்பதில்லை.

இன்னொன்று, தோற்றம். ஸ்போர்ட்டி என்ற பெயரில் வருவதில் பாதி, சிவப்புத் தையலும் இரட்டைப் புகைக்குழாயும்தான். மீதிப் பாதியில் பெரிய சக்கரமும் இறுக்கமான சஸ்பென்ஷனும் அடங்கும். ஐ20 என் லைனின் 195/55 ஆர்16 டயரில், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் 107 மில்லிமீட்டர். ஸ்விஃப்டின் தொடக்க வகையில் வரும் 165/80 ஆர்14 டயரில் அது 132. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் வெள்ளைக்கோடுகூட இல்லாமல் போட்டிருக்கும் வேகத்தடைகளில், அந்த 25 மில்லிமீட்டர் பின்சீட்டில் இருக்கும் என் அக்காவின் இடுப்புக்குத் தெரியும்.

இப்போது விதிவிலக்குக்கு வருகிறேன். வாரந்தோறும் நான்கைந்து பேரோடு ஆரணி வழியாகத் திருவண்ணாமலைக்கோ, போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கோ போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டர்போ இன்ஜின் ஆடம்பரம் இல்லை, தேவை. எதிரும் புதிருமாக வண்டிகள் வரும் சாலையில், கரும்பு ஏற்றிய டிராக்டரைத் தாண்ட வலப்பக்கம் இறங்கியபின், அங்கே எத்தனை நொடி நிற்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. ஏ.சி. ஓட, ஐந்து பேர் ஏறியிருக்க, 82 குதிரைத்திறன் வண்டி கியரை இறக்கிய பிறகும் யோசித்துத்தான் எழும்பும். டர்போ வண்டி அந்த நொடிகளைக் குறைத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் வாங்கட்டும். என் அக்கா மகனின் ஓட்டம் முக்கால்வாசி சத்துவாச்சாரிக்கும் சிப்காட்டுக்கும் இடையில்தான்.

அதனால் அவனிடம் ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் காலியான சர்வீஸ் சாலையில் முடித்துவிடாமல், இரண்டு கார்களையும் மாலை நேரத்தில், அப்பா முன்னாலும் அம்மா பின்னாலும் இருக்க, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்கி வரச் சொன்னேன். பிறகு இரண்டின் ஆன்-ரோடு விலையையும் வரி, காப்பீடு, கடன் வட்டி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி வாங்கச் சொன்னேன். ஸ்விஃப்ட் என்று முடிவானால், மிச்சமாகும் பணத்தில் முதல் செலவாக நல்ல டயர் நான்கு போட்டுக்கொள்ளட்டும். ஏலகிரிக்கு நானும் கூட வருகிறேன்.