பர்மா பத்திரம் சொல்வது

மியான்மர் ராணுவ ஆட்சியோடு எல்லா உறவையும் இந்தியா முறித்துக்கொள்ள வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தேவகோட்டைக்காரனான எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஐயா (தாத்தா) கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனது இன்று மியான்மர் எனப்படும் பர்மாவுக்குத்தான். இன்றும் இரும்புப் பெட்டியைத் திறந்தால், வட்ட வட்டமான பர்மிய எழுத்தும் முத்திரையுமாக, ஓரம் செல்லரித்த நிலப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948க்குப் பின் நில தேசியமயமும், 1962இல் தளபதி நே வின் அதிகாரத்தைக் கைப்பற்றி அமைத்த ராணுவ ஆட்சியும் அதை வெறுங்காகிதமாக்கின. ஆகவே அந்த ராணுவத்தின் மீது எனக்குப் பரிவு கிடையாது. 2021 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை அது கவிழ்த்ததும் அநியாயமே.

ஆனால் வெளியுறவு என்பது நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் இடமன்று. 1988 எழுச்சியின்போது ஜனநாயக இயக்கத்தின் பக்கம் வெளிப்படையாக நின்ற இந்தியா, வடகிழக்கின் ஆயுதக் குழுக்களும் சீனாவின் நெருக்கமும் கவலை தந்ததால், 1990களில் அதே ராணுவத்துடன் பேச வேண்டியதாயிற்று. 1,643 கிலோமீட்டர் எல்லை அப்படியேதான் இருக்கிறது. மியான்மரின் சாவ்பியூ கடற்கரையிலிருந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு எண்ணெயும் எரிவாயுவும் கொண்டுசெல்லும் குழாய்கள் இருக்க, நாம் விலகினால் அந்த இடம் சீனா நிரப்பாமல் காலியாக இருக்கும் என்று கட்டுரையாளர் எப்படி நம்புகிறார்? அங்கே சித்வே துறைமுகத்தில் இந்தியா போட்ட பணத்தை யார் காப்பது? ரங்கூனில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய கோவில்களில் இன்றும் விளக்கேற்றும் தமிழர்கள், தூதரகம் மூடப்பட்டால் ஓர் ஆபத்துக்கு யாரிடம் போய் நிற்பார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்க வேண்டும்.