தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் வாசிப்புப் பட்டியலில் மூன்று இளையோர் திரில்லர்கள், அதாவது பதின்ம வயதினருக்கான மர்ம நாவல்கள், இருக்கின்றன. அவற்றைத் திட்டி ஒரு மூத்த இலக்கிய விமர்சகர் அங்கே பேசினார். அந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்து, கீழே சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பேசியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. அவர் கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவள் நான். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

இளையோர் திரில்லர் நாவல்கள் பிள்ளைகளிடம் சந்தேகப் புத்தியை வளர்க்கின்றன என்றார். பெரியவர்களை முட்டாள்களாகக் காட்டுகின்றன என்றார். இதையெல்லாம் எழுத எழுத்தாளர் எதற்கு, ஒரு ஃபார்முலா போதும் என்றார். சரி, அது அவர் கருத்து, சொல்லட்டும். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. பின்வரிசையில் இருந்த அந்தப் பெண் எழுந்தாள். பதினைந்து வயது இருக்கும். மைக்கைக் கொடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. "பட்டியல்ல இருக்கிற மூணு புத்தகத்தையும் நான் படிச்சிட்டேன் சார். நீங்க எதைப் படிச்சீங்க?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "தலைப்பைப் பார்த்தாலே தெரியும்மா. நல்ல புத்தகமாப் படி" என்று அவர் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. கைதட்டல் வேறு. அவள் உட்கார்ந்து, மடியில் இருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். வீடியோவில் இது இல்லை. நான் அடுத்த வரிசையில்தான் இருந்தேன், பார்த்தேன்.

அவர் எதைத் திட்டினாரோ அதையேதான் அந்த மேடையில் செய்து காட்டினார். இளையோர் திரில்லரின் அடித்தளமே இதுதான்: ஒரு பதின்ம வயதுப் பிள்ளை "இங்கே ஏதோ சரியில்லை" என்கிறது, பெரியவர்கள் காது கொடுப்பதில்லை. இது கதையை நகர்த்த எழுத்தாளர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்கிறார்கள். கிடையாது. அந்த வயதில் நிஜமாகவே நடப்பது இது. பெரியவர்களுக்கான துப்பறியும் கதையில் துப்பறிபவர் கதவைத் தட்டினால் திறப்பார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு வண்டி இல்லை, பணம் இல்லை, ராத்திரி வெளியே போக அனுமதி இல்லை, சொன்னால் நம்ப ஆள் இல்லை. இத்தனை கையாலாகாத்தனத்தோடு உண்மையைத் தேடிப் போக வேண்டும். இதை நம்பும்படி எழுதிப் பார்க்கட்டும், ஃபார்முலா என்று சொல்பவர்கள்.

அவர் படிக்காத அந்த மூன்றில் ஒன்று டிஃபனி டி. ஜாக்சன் எழுதிய 'மண்டேஸ் நாட் கமிங்'. 2018-இல் வந்தது. களம் வாஷிங்டன் நகரம். கிளாடியா என்ற பெண்ணின் உயிர்த்தோழி மண்டே. பள்ளி திறந்த நாளில் மண்டே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிளாடியா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மண்டேயின் அம்மா ஒன்று சொல்கிறாள், அக்கா வேறொன்று சொல்கிறாள். ஒரு கறுப்பினச் சிறுமி காணாமல் போனது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் கதையின் முடிச்சு. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு சிறுமி கேட்கிறாள், யாரும் காது கொடுக்கவில்லை. இதிலா சந்தேகப் புத்தி வளர்கிறது? அந்தக் கதையில் ஒரே ஒரு பெரியவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் போதுமே!

இன்னொன்று கோர்ட்னி சம்மர்ஸ் எழுதிய 'சேடி'. மர்ம எழுத்துக்காக அமெரிக்காவில் கொடுக்கும் எட்கர் விருதை 2019-இல் இளையோர் பிரிவில் வாங்கிய நாவல். கொலை செய்யப்பட்ட தங்கைக்காக வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணுக்குத் திக்குவாய். அவள் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் பொறுமை இழக்கிறார், அல்லது தானே முடித்துவைக்கிறார். ஒரு அத்தியாயம் சேடி சொல்வது. அடுத்தது அவளைத் தேடிப் போகும் ஒரு வானொலிக்காரரின் பாட்காஸ்ட், பேட்டிகளும் ஒலிப்பதிவுகளுமாக. அவர் போகும் இடத்துக்கெல்லாம் அவள் முன்பே வந்துபோயிருக்கிறாள், அவர் எப்போதும் ஒரு அடி பின்னால். படிக்கும் நமக்கு அவளும் தெரிகிறாள், அவள் போன பிறகு இவர் தாமதமாக வந்து சேர்வதும் தெரிகிறது. நெஞ்சைப் பிசையும். ஒரு புத்தகத்தின் வடிவமே அதன் வலியாக இருப்பதை 'ஃபார்முலா' என்று ஒரு இலக்கிய விமர்சகர் சொல்கிறார் என்றால், என்ன சொல்வது?

வடிவத்தைப் பற்றிப் பேசினால் வால்டர் டீன் மையர்ஸை விட முடியாது. 1999-இல் வந்த 'மான்ஸ்டர்'. கொலை வழக்கில் சிறையில் இருக்கும் பதினாறு வயதுப் பையன், தன் விசாரணையைத் தானே திரைக்கதையாக எழுதுகிறான். நடுநடுவே நாட்குறிப்பு. அரசு வழக்கறிஞர் வாயிலிருந்து வந்த 'மான்ஸ்டர்' என்ற சொல் அவன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை 2000-இல் முதன்முதலாகக் கொடுத்தபோது இந்தப் புத்தகத்துக்குத்தான் கொடுத்தார்கள். தலைப்பைப் பார்த்தால் பேய்க்கதை என்று தோன்றும். ஆமாம், தலைப்பை மட்டும் பார்த்தால்!

"சரிம்மா, ஆனால் வன்முறை?" என்று கேட்பீர்கள். நேற்றே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்கிறேன். லோயிஸ் டங்கன் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். இந்த வகைக்கு வழி போட்டவர்களில் ஒருவர். 1973-இல் 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' எழுதினார். சைக்கிளில் வந்த சிறுவனைக் காரில் மோதிவிட்டு, அதை மறைப்பதென்று சத்தியம் செய்துகொள்ளும் நான்கு பேர். நாவலில் அந்த நால்வரில் ஒருவர்கூடச் சாவதில்லை. மறைத்த குற்றம் ஒவ்வொருவரையும் உள்ளே எப்படி அரிக்கிறது என்பதுதான் கதை. 1989-இல் டங்கனின் சொந்த மகள் சுட்டுக் கொல்லப்பட்டாள். பதினெட்டு வயது. போலீஸ் சொன்ன விளக்கத்தில் திருப்தி இல்லாமல் இந்த அம்மா தானே விசாரிக்கக் கிளம்பினார், அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1997-இல் அவருடைய பழைய நாவலைப் படமாக எடுத்தார்கள். கையில் கொக்கியோடு ஒரு கொலைகாரன், வரிசையாகப் பிணங்கள். மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த அந்த அம்மா தன் கதைக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கலங்கிப்போனார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். 2016-இல் அவர் இறந்தபோதும் மகளின் வழக்கு தீரவில்லை. இதையெல்லாம் எழுதுகிறவர்கள் ரத்தத்தை விற்றுப் பிழைப்பவர்கள் என்று அன்றைக்கு மேடையில் ஒரு வரி வந்ததே, அது டங்கனுக்கும் பொருந்துமா? சொல்லுங்கள்.

வன்முறை பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறது. புத்தகம் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. செய்தியில் இருக்கிறது, வகுப்பறையில் இருக்கிறது, சில வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு தோழி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. நாங்கள் இரண்டு பேரும் கிடைக்கிற மர்மக் கதையை எல்லாம் மாற்றி மாற்றிப் படிப்போம், புத்தகத்துக்குள் புத்தகம் வைத்து. அவள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் குடும்ப நண்பர் ஒருவர். எல்லோருக்கும் பிடித்த மனிதர். அவர் வருகிற நாட்களில் அவள் பள்ளி விட்டும் வீட்டுக்குப் போக மாட்டாள், எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் துணிந்து பெரியவர்களிடம் சொன்னாள். "எனக்கு அவரைப் பார்த்தா பயமா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. அவளுக்குக் கிடைத்த பதில்: "கண்ட கதையைப் படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்டே." அவள் புத்தகங்களைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் வருவது நிற்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது பிற்பாடு ஊருக்கே தெரிந்தது. அவள் சொன்னபோது யாரும் நம்பவில்லை என்பதைப் பற்றி அப்புறமும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

'சந்தேகப் புத்தி' என்ற சொல்லை மேடையில் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதனால்தான். அவளுக்குச் சந்தேகத்தைக் கதை கொடுக்கவில்லை. அந்த மனிதர் கொடுத்தார். கதை கொடுத்தது வேறு. நீ நினைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை, உன்னைப் போல் இன்னொருத்தியும் நினைத்திருக்கிறாள், அவள் சொன்னது கடைசியில் உண்மையாக இருந்தது என்கிற தைரியம். அதைத்தான் பிடுங்கினார்கள்.

"எல்லாப் பிள்ளைகளும் அப்படியா? பெரும்பாலானவர்கள் பொழுதுபோக்குக்குத்தானே படிக்கிறார்கள்?" ஆமாம். படிக்கட்டுமே! ராத்திரி போர்வைக்குள் அடுத்த அத்தியாயம், அடுத்த அத்தியாயம் என்று ஒரு பிள்ளை ஒரு நாவலை முடித்தால் அது என்ன குற்றமா? பெரியவர்கள் பொழுதுபோக்குக்குப் படிக்கும்போது ஒருவரும் மேடை போட்டுப் பேசுவதில்லையே.

"மோசமான புத்தகங்களே இல்லையா?" இருக்கின்றன. ஒன்று நன்றாக ஓடினால் அதே சாயலில் அட்டையும் தலைப்புமாகப் பத்து வரும். கடைசிப் பக்கத் திருப்பத்துக்காக முன்னூறு பக்கம் பொய் சொல்கிற நாவல்களும் உண்டு. எனக்கே எரிச்சல் வந்து மூடி வைத்தவை நிறைய. எந்த வகையில்தான் இல்லை? நவீன இலக்கியம் என்ற பெயரில் வரும் சலிப்பையெல்லாம் வைத்து மொத்த நவீன இலக்கியத்தையும் ஒருவரும் தூக்கி எறிவதில்லை. இந்த வகைக்கு மட்டும் ஏன் இந்த நீதி?

எழுதுகிறவர்களில் பலர் பெண்கள், படிக்கிறவர்களில் பலர் பதின்ம வயதுப் பெண்கள். அதனால்தானோ என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்ன, அதனால்தான். ஏஞ்சலின் பூலி தன் பதினெட்டாவது வயதில் மனதில் விழுந்த ஒரு கதையைப் பல வருடம் சுமந்து, அப்புறம் பத்து வருடம் உட்கார்ந்து எழுதினார். அவர் வட அமெரிக்காவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். தன் மக்களின் மொழி, சடங்கு, மூலிகை அறிவு எல்லாவற்றையும் ஒரு போதைப்பொருள் விசாரணைக் கதைக்குள் வைத்தார். 2021-இல் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' வந்தது. அடுத்த வருடமே பிரின்ட்ஸ், எட்கர் இரண்டும். பத்து வருட உழைப்பை ஃபார்முலா என்று சொல்ல வாய் வருகிறதென்றால், அந்த உழைப்பைப் பார்க்கவே மனசில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த எழுத்தாளர்கள் தங்கள் வாசகர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ராபர்ட் கார்மியர் 1977-இல் எழுதிய 'ஐ ஆம் த சீஸ்' நாவலில் கதாநாயகன் தன் தோழியைத் தொலைபேசியில் கூப்பிடுவான். அந்த எண் கார்மியரின் சொந்த வீட்டு எண். படித்த பிள்ளைகள் நிஜமாகவே கூப்பிட்டார்கள். தோழியைக் கேட்டார்கள். அவர் எடுத்துப் பேசினார், வருடக்கணக்காக. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். நம் அரங்கத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டது. கிடைத்தது சிரிப்பு.

"நீங்கள் பெரியவரை அவமதிக்கிறீர்கள்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய வயதுக்கும் எழுத்துக்கும் நான் கொடுக்கும் மரியாதை அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும். அவள் மூன்றையும் படித்திருந்தாள். அவர் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த அரங்கத்தில் அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் தகுதி யாருக்கு இருந்தது? கைதட்டியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் மகள் வந்து "எனக்கு ஒருத்தரைப் பார்த்தா சரியாப் படலை" என்றால், அப்போதும் இதேபோல் சிரிப்பீர்களா?

பட்டியலிலிருந்து மூன்று புத்தகங்களையும் எடுத்துவிடலாம் என்று ஏற்பாட்டுக் குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், என்னிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. எடுப்பதாக இருந்தால் முதலில் மூன்றையும் படித்துவிட்டு வாருங்கள். எந்தப் பக்கம் பிரச்சினை, ஏன் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். அந்தப் பேச்சில் அந்தப் பெண்ணும் இருக்க வேண்டும், இந்த முறை மைக்கோடு. பிரதிகள் என்னிடம் இருக்கின்றன, கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். படிக்காமலே எடுத்தீர்கள் என்றால் குழுவிலிருந்து என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.