வெயில்தானாம், தம்பி!

ஸ்டிக்கர் கடைக்காரர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஸ்டிக்கர் சுருங்கினால் வெயில், ஓரம் எழும்பினால் வெயில். ஒட்டியவரின் கைக்கு மட்டும் ஒரு பங்கும் கிடையாது!

என் பைக்கின் பெற்றோல் டாங்கியில் நீளமாக ஒரு கீறல். பெயின்ற் அடிக்கக் கேட்ட காசு கட்டுப்படியாகவில்லை. சரி, ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனேன். 4,500 ரூபாய். இருபது நிமிடத்தில் இழுத்து ஒட்டி, பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குது, பாருங்கோ" என்றார். இருந்தது, வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று கோணேசர் கோயிலடியில் பைக்கை வெயிலில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், முழங்கால் படும் பள்ளத்தில் ஸ்டிக்கர் கூடாரம் அடித்து நிற்கிறது. முன் வளைவின் ஓரத்திலோ சேலைக் கொய்யகம் மாதிரி, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாகச் சுருக்கங்கள். கட்டைவிரலால் ஒன்றை அமத்தினால் பக்கத்தில் இன்னொன்று எழும்புகிறது. போன் எடுத்துக் கேட்டேன். "காத்து நிக்குது தம்பி, ஊசியால குத்துங்கோ." குத்தினேன். இப்போது ஓட்டையோடு சேர்த்துச் சுருக்கம்!

அது காற்றே இல்லை, அண்ணை. வழியில்லாமல் மிஞ்சி நிற்கிற ஸ்டிக்கர். தட்டையான ஒரு தாளை இரண்டு பக்கமும் வளைந்த பரப்பில், எங்கும் இழுக்காமல் சுருக்காமல் படியவைக்க முடியாது. 1827 இலேயே காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை இதை நிறுவிவிட்டார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், ஒரு தோடம்பழத்தைப் பேப்பரில் சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் மிஞ்சும் பேப்பர் எங்கே போகும்? மடிப்பாகத்தான் எழும்பும். மெல்லிய தாளுக்கு நசுங்குவதைவிட வளைவது லேசு. தடிப்பைப் பாதியாக்கினால் நசுக்கலுக்கு அது காட்டும் எதிர்ப்பு பாதியாகும். வளைவுக்குக் காட்டும் எதிர்ப்போ எட்டில் ஒன்றாகிவிடும்.

வெயிலுக்கும் பங்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மீற்றர் இரும்பு ஒரு பாகை சூட்டுக்கு 0.012 மில்லிமீற்றர் அளவில்தான் நீளும். ஸ்டிக்கர் பிளாஸ்டிக் அதைப்போல் பல மடங்கு நீளும். கீழே டாங்கி விடாது, நடுவில் பசை பிடித்து இழுக்கும், பசை தளர்ந்த இடத்தில் ஸ்டிக்கர் கிளம்பிவிடும். பள்ளத்தில் நடந்தது வேறு. சூடு காட்டாமல் இழுத்து ஒட்டியதால், வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்த்து இறுகிப் பள்ளத்தை விட்டு மேலே வந்துவிட்டது. ஆனால் திருகோணமலையில் வெயில் என்ன நேற்றா வந்தது? அதற்குத்தானே சூட்டுக் காற்று காட்டி இளக்கி ஒட்டி, ஒட்டி முடித்தபின் பள்ளத்திலும் ஓரத்திலும் இன்னொரு தரம் சூடு காட்டுவார்கள்? அந்த மெஷின் கடைச் சுவரிலேயே தொங்குகிறது. தூசி படிந்து!

நேற்று நேரே போய் அதைக் காட்டிக் கேட்டேன்.

"ஐயோ தம்பி, சூடு பட்டா ஸ்டிக்கர் பழுதாப்போயிடும்."

அப்போ நான் பைக்கை ஐஸ் பெட்டிக்குள்ளேயா வைத்து ஓடுவது? கோபத்தில் வாய் திறக்கமுதல் அவரே முந்திக்கொண்டார். "மேல இன்னொண்டு ஒட்டித் தாறன். உங்களுக்கெண்டபடியா பாதி விலை."