ஹம்பேர்க் தடுத்தால் ஒழுங்கு, இன்ரர் தடுத்தால் களவா?

சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இத்தாலியின் இன்ரர் மிலான் ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக்கை வெளியேற்றிய புதன் இரவு குழுவில் விழுந்த அந்த வொயிஸை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், திரும்ப இங்கே போடப்போவதில்லை. இத்தாலிக்காரன் பஸ்ஸைக் குறுக்கே விட்டு, அதாவது எல்லாரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தித் தடுத்து, களவாக வென்றான், ஜேர்மன்காரன் நேர்மையாக விளையாடித் தோற்றான், அவ்வளவுதான் அதன் சாரம். சொன்னவர் வயதில் மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான். ஆனால் அண்ணை, நீங்கள் ஆட்டத்தைப் பார்த்தீர்களா, இல்லை பழைய பாட்டைத்தான் திரும்பப் பாடினீர்களா?

2025 ஏப்ரல் 8ஆம் திகதி மியூனிக்கில் இன்ரர் 2-1 என்று வென்றது, 16ஆம் திகதி மிலானில் 2-2. பயேர்னுக்கு எதிராக நான்கு கோல். பின்னுக்கு நின்று பந்தை வெளியே உதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வானத்திலிருந்தா விழுந்தது? இன்ரரின் துராம் குதிகாலால் தட்டிவிட, லௌதாரோ வெளிப்பாதத்தால் அடித்த அந்த முதல் கோலை இன்னொருக்கால் போட்டுப் பாருங்கள். 85ஆவது நிமிடத்தில் பயேர்னின் முல்லர் சமப்படுத்துகிறார், அரங்கமே எழும்பி நிற்கிறது, பயந்தவன் அந்த நேரம் என்ன செய்வான்? சமநிலையோடு ஊருக்குப் போய்ச் சேரப் பார்ப்பான். இவர்கள் முன்னுக்கு ஓடினார்கள், 88இல் ஃபிரத்தேசி அடித்தார்.

பயேர்னில் காயத்தால் நொய்யர் இல்லை, முசியாலா இல்லை, டேவிஸ் இல்லை என்று வருவீர்கள். இல்லைதான். சரி, பயேர்னின் கேன் அந்த வாய்ப்பைக் கம்பத்தில் அடித்ததற்கும் அவர்களின் காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1983, ஏதென்ஸ், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். பிளாட்டினி, ரொஸ்ஸி, போனியெக் என்று இறங்கிய இத்தாலியின் யுவெந்தஸுக்கு எதிராக ஜேர்மனியின் ஹம்பேர்க் பத்து நிமிடத்துக்குள் மகாத் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்கக் கட்டிக் காத்தது. பிளாட்டினிக்குப் பின்னாலேயே ரோல்ஃப் திரிந்தார். அதை யாராவது களவு என்றீர்களா? இல்லை, அது ஒழுங்கு, திட்டம், பயிற்சியாளர் ஹப்பலின் மூளை. 1997 இறுதியாட்டத்தில் யுவெந்தஸ் அடித்துக்கொண்டேயிருக்க ஜேர்மனியின் டோர்ட்முண்ட் 3-1 என்று வென்றது. ரிக்கன் உள்ளே வந்த கையோடு தூர நின்று கோல்காப்பாளர் பெருட்சியின் தலைக்கு மேலால் தூக்கிப்போட்ட கோல் எனக்கும் பிடிக்கும். அதையே ஒரு இத்தாலியன் அடித்திருந்தால் 'அதிஷ்டம்' என்றிருப்பீர்கள். 2024இல் டப்ளினில், யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், 51 ஆட்டமாகத் தோற்காத ஜேர்மனியின் லெவர்குசனை இத்தாலியின் அத்தலாந்தா ஆளுக்கு ஆள் விரட்டி விரட்டி 3-0 என்று அடித்ததே, லுக்மன் தனியாளாக மூன்று கோல். அதுவும் பஸ்தானா?

"அப்ப 1971?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஜேர்மனியின் க்ளாட்பாக் இன்ரரை 7-1 என்று அடித்த ஆட்டம், இன்ரரின் போனின்செஞ்ஞாவின் தலையில் கோலா டின் பட்டதென்று ரத்தாகி, கடைசியில் இன்ரர்தான் அடுத்த சுற்றுக்குப் போனது. அவர் நடித்தாரா இல்லையா என்று இன்னும் அடிபடுகிறார்கள். அந்த ஆட்டத்தை ரிவியில் காட்டவே இல்லை ஐயா, ஆனால் எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்தமாதிரிக் கதைக்கிறார்கள். டின்னை எறிந்தது இத்தாலிக்காரன் இல்லை, அதோடு விடுங்கள்.

இன்ரர் பயேர்னை வென்ற 2010 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தன்று நான் இங்கே ஜேர்மனியில் ஒரு இத்தாலியன் கடையின் கிச்சினில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, கடை நிறையச் சனம். இன்ரரின் மிலிட்டோ இரண்டாவதையும் அடித்தபோது முதலாளி மாக்கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பில் கட்டிய ஒருவர், "எப்படியோ ஏமாத்திட்டீங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எழும்பினார். முதலாளி ஒரு சொல் பேசவில்லை, போய்க் கதவைத் திறந்துவிட்டார். முப்பது வருடம் வரி கட்டிய மனுசன். அடுத்த வருடம் இன்ரர் மியூனிக்கில் பின்னுக்கு நின்று எழும்பி 3-2 என்று வென்றபோதும் அதே கதைதான் வந்தது.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. ஒபிசில், பஸ்ஸில், வீடு வாடகைக்குப் பார்க்கப் போன இடத்தில், வெளியிலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் பார்த்த சிரிப்புத்தான். அண்ணையும் பார்த்திருப்பார். அவர் வாயிலிருந்தே அது வருவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போதாததற்கு, "ஜேர்மன்காரன்ர சோத்தைத் திண்டுகொண்டு இத்தாலிக்குக் கைதட்டுறாய்" என்று வேறு. என் சோற்றுக்கு நான்தான் வேலை செய்கிறேன் அண்ணை, பயேர்ன் ஒருநாளும் அனுப்பியதில்லை.

அடுத்தது அரையிறுதியில் பார்சலோனா என்றிருந்தது. அதையும் தாண்டினால் 2025 மே 31 இறுதியாட்டம் மியூனிக்கிலேயே என்றிருந்தது. ரிக்கெற் கிடைத்தால் போவேன், நீல பெனியனோடுதான் என்றிருந்தேன். கீழே வந்து 'பஸ்' என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறவர்களுக்குப் பதில் கிடையாது, எனக்குப் பின்னேர வேலை இருக்கிறது.